தூங்குமூஞ்சியின் வயிற்றுக்குள்

அவள் மரம் ஏறக் கற்றுக்கொள்ளப் போனதற்குக் காரணம் ஒரு சத்தம்.

ஆஸ்பத்திரிக்கு நடந்து போகிற வழியில், தெருமுனை மரத்தின் கீழே ஒல்லியான இளைஞன் ஒருவன் நின்றிருந்தான். இடுப்பில் வார், தலையில் ஹெல்மெட், கையில் சின்ன மரச்சுத்தி. அடிமரத்தைத் தட்டுவான், உடனே காதை வைத்துக் கேட்பான். அரை அடி நகர்ந்து மறுபடி தட்டுவான். அவளுக்குக் கால் நகரவில்லை.

"தம்பி, என்ன கேக்குது?"

"நீங்களே கேட்டுப் பாருங்கக்கா."

விளையாட்டுக்குத்தான் சொன்னான். அவள் கைப்பையைச் சுவர்மேல் வைத்துவிட்டுச் சுத்தியை வாங்கிக்கொண்டாள். ஒரு பக்கம் தட்டினால் 'டொக்' என்றது. அதே மரத்தைச் சுற்றிப் போய் மறுபக்கம் தட்டினால் 'தும்' என்றது. அவள் திரும்பத் திரும்பத் தட்டினாள். டொக், டொக், தும். அந்த 'தும்' எந்த இடத்தில் தொடங்குகிறது என்று விரலால் தடவித் தேடினாள். உள்ளே காலியாக இருக்கிறது என்று அவன் சொன்னான். எவ்வளவு காலி, எதனால் காலி, காலியாக இருந்தால் எப்படி நிற்கிறது என்று அவள் கேட்டுக்கொண்டே போனாள். அன்று வேலைக்குப் போகத் தாமதமாகிவிட்டது.

"இவ்வளவு கேக்குறீங்களே, மரம் ஏறிப் பார்த்து வெட்டச் சொல்லித் தர்ற கிளாஸ் இருக்கு, பேசாம அதுலயே சேர்ந்துடுங்க. நான்தான் சொல்லிக் குடுக்கறேன்" என்றான் அவன்.

அவளுடைய வேலை ஸ்கேன் எடுப்பது. அந்த அறையில் ஜன்னல் கிடையாது. வெளியே மழையா வெயிலா என்பது உள்ளே வருகிறவர்களின் செருப்பைப் பார்த்தால்தான் தெரியும். மனிதர்களின் வயிற்றுக்குள் இருப்பதைத் திரையில் பார்த்துப் பார்த்து அவளுக்கு நாற்பத்தைந்து வயதாகிவிட்டது. பார்க்கலாம், சொல்லக் கூடாது. படுத்திருப்பவர்கள் எல்லாரும் தலையைத் தூக்கி ஒரே கேள்வியைத்தான் கேட்பார்கள். "என்னம்மா தெரியுது?" அவளும் ஒரே பதிலைத்தான் சொல்வாள். "டாக்டர் சொல்வாங்க." நல்ல சேதியோ கெட்ட சேதியோ, முகத்தில் ஒன்றும் தெரியவிடாமல் வைத்துக்கொள்ளப் பழகியிருந்தாள். அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. "சாப்பாட்டுல உப்பு இருக்கா இல்லையான்னு அம்மா மூஞ்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்கவே முடியாது" என்பாள் கல்லூரியில் படிக்கும் மகள்.

பயிற்சியில் சேரப் போவதாகச் சொன்னபோது, பேருந்து ஓட்டுநரான கணவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி நின்றுவிட்டார்.

"இந்த வயசுல மரம் ஏறப் போறியா? கால் தரையில இருக்கிற வேலையா ஏதாவது கத்துக்கக் கூடாதா?"

"உங்க கால் மட்டும் தரையிலயா இருக்கு? பிரேக்குலதானே இருக்கு?"

மகள் சிரித்துவிட்டாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. அவள் ஆஸ்பத்திரியில் மாலை ஷிப்ட்டுக்கு மாற்றிக்கொண்டாள். காலை வேளைகள் மரங்களுக்கு என்றாகிவிட்டன.

பயிற்சி நடந்த இடம் தகரக் கூரை போட்ட ஒரு நீளக் கொட்டகை. சுவர் முழுக்க ஆணியடித்துக் கயிறுகள் தொங்கின. ஒரு மூலையில் ரம்பங்கள், இன்னொரு மூலையில் குறுக்கே அறுத்து வைத்த மரத்துண்டுகள். கொட்டகைக்குப் பின்னால் ஏறிப் பழக ஐந்தாறு மரங்கள். வாத்தியார் அந்த ஒல்லிப் பேர்வழிதான். மரத்தில் அவன் தலைகீழாக இறங்குவதைப் பார்த்து வகுப்பு அவனுக்கு 'அணில்' என்று பெயர் வைத்துவிட்டது. படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் அவனைவிட மூத்தவர்கள். அண்ணா, அக்கா என்றுதான் கூப்பிடுவான். ஆனால் முடிச்சு தப்பாக இருந்தால் அண்ணனும் இல்லை அக்காவும் இல்லை. அவிழ்த்துக் கையில் கொடுத்துவிடுவான்.

அவளுக்குக் கயிற்றுத் துணையாக அமைந்தவர் ஒரு பெயின்டர். உயரமான கட்டிடங்களில் பலகை கட்டித் தொங்கி வெள்ளையடித்தவர். உயரம் அவருக்கு நாற்காலி மாதிரி. பூச்சி என்றால்தான் ஆகாது. ஒருவர் ஏறினால் இன்னொருவர் கீழே கயிறு பிடிக்க வேண்டும். வகுப்பில் அவளுக்கு விழுந்த பெயர் 'ஸ்கேன் அக்கா'.

முதல் வாரமே அணில் ஒரு மரத்துண்டை மேசைமேல் தூக்கி வைத்தான். நடுவில் கறுப்பாக ஒரு பழைய வெட்டு. அதைச் சுற்றி இரண்டு பக்கத்திலிருந்தும் புது மரம் சுருண்டு வந்து மூடியிருந்தது.

"ஒண்ணை மனசுல வச்சுக்குங்க. நமக்குப் புண் ஆறும். மரத்துக்கு ஆறாது. கெட்ட இடத்தை அப்படியே விட்டுட்டு, அதைச் சுத்தி சுவர் கட்டி, மேல புதுசா வளர்ந்து மூடிக்கும். மூடத்தான் தெரியும், ஆத்தத் தெரியாது. அதனால வெட்டும்போது, மூட வசதியா வெட்டணும்."

"அப்ப வெட்டின இடத்துல பெயின்ட் அடிப்பாங்களே?" என்று கேட்டார் பெயின்டர்.

"அடிக்கவே கூடாதுண்ணா."

"ஏன் தம்பி, என் பொழப்புல மண்ணைப் போடவா இங்க வரச் சொன்னீங்க?"

வகுப்பே சிரித்தது. அவள் மட்டும் அந்தத் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தக் கறுப்பு வெட்டு எந்த மழையில் நனைந்தது, யார் வெட்டியது, எத்தனை காலமாக உள்ளே உட்கார்ந்திருக்கிறது? வெளியே பட்டையைப் பார்த்தால் ஒன்றுமே தெரியாது.

ஏறுவது அவள் பயந்த அளவுக்குக் கஷ்டமாக இல்லை. முதல் தடவை பாதி மரத்தில் நின்றுவிட்டாள். கீழே எல்லாரும் பயந்துவிட்டாள் என்று நினைத்தார்கள்.

"அக்கா, என்னாச்சு?"

"இந்த எறும்பு வரிசை ஒரு வெடிப்புக்குள்ள போகுது தம்பி. எங்க போகுது?"

"எறும்பு வீட்டுக்குப் போகுதுக்கா. நீங்க மேல போங்க!"

பயிற்சியின் கடைசிப் பகுதி, நிஜமான ஒரு மரத்தைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்வது. ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு மரம். அவளுக்கும் பெயின்டருக்கும் விழுந்தது ஊர் நூலகத்து மரம். வாசிப்பு அறையின் ஓட்டுக் கூரைக்கு மேல் குடை விரித்தாற்போல் நின்ற கிழட்டுத் தூங்குமூஞ்சி மரம். சாயங்காலமானால் இலைகளை மடக்கிக்கொண்டு தூங்கிவிடும். வீட்டில் சொன்னபோது மகள், "உனக்கேத்த பேஷண்ட்தான்மா. கேள்வியே கேக்காம தூங்கிடும்" என்றாள்.

மரம் கேட்காவிட்டாலும் நூலகர் கேட்டார். கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிக்கொண்டு, கையில் சாவிக்கொத்தோடு எப்போதும் வேகமாக நடக்கிற பெண் அவர். "இதுக்குக் கீழதான் பிள்ளைங்க உட்கார்ந்து படிக்குது. போன காத்துல ஒரு கிளை ஆடின ஆட்டத்தைப் பார்த்து எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பிட்டேன். வெட்டணும்னா வெட்டிடலாம், வேண்டாம்னா விட்டுடலாம். ஆனா யாராவது ஒருத்தர் வாயைத் திறந்து சொல்லுங்க. வர்றவங்க எல்லாரும் அண்ணாந்து பார்த்துட்டு, காபி குடிச்சுட்டுப் போயிடறாங்க."

மரத்தை முதலில் சுற்றி வந்தார்கள். மார்பு உயரத்தில் பட்டையில் ஒரு நீளமான தழும்பு, உதட்டை இறுக்கி மூடிக்கொண்ட மாதிரி. அதைத் தவிர வெளியே குறையொன்றும் இல்லை. பிறகு சுத்தியை எடுத்தாள். டொக், டொக், டொக். தழும்பை நெருங்கியபோது 'தும்' என்று இறங்கியது. சரி, உள்ளே காலி. இன்னும் ஒரு கை தள்ளித் தட்டினாள்.

'ணங்.'

கையை எடுத்துவிட்டாள். மறுபடி தட்டினாள். ணங். மரத்தில் இப்படி ஒரு சத்தம் அவள் கேட்டதில்லை. சுவரில் தட்டினால் வருகிற சத்தம் அது.

பெயின்டர் தட்டிப் பார்த்தார். "உள்ள புதையல் இருக்குக்கா" என்றார். பயிற்சியைப் பார்வையிட வந்த அணிலும் தட்டிப் பார்த்தான், காதை வைத்தான், ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டு மறுபடி காதை வைத்தான்.

"எனக்கும் தெரியலக்கா" என்றான்.

வாத்தியாருக்கே தெரியாது என்றதும் அவளுக்குக் கை பரபரத்தது. வாசிப்பு அறையிலிருந்து இரண்டு மூன்று பேர் எட்டிப் பார்த்தார்கள். நூலகர் ஓடிவந்து, "கொஞ்சம் மெதுவா தட்டுங்க, உள்ள படிக்கறாங்க" என்று சொல்லிவிட்டு, தானே ஒரு தடவை தட்டிப் பார்த்துக்கொண்டு போனார்.

"மேல கவட்டையில ஏதாவது பொந்து இருக்கும்" என்றாள் அவள். "நான் போய்ப் பார்க்கறேன். பெயின்டர் அண்ணா, கயிறு பிடிங்க."

கிளைகள் பிரிகிற இடத்தில், அவள் நினைத்தபடியே ஒரு பொந்து இருந்தது. கை நுழையும் அளவு. உள்ளேயிருந்து ஈர மண் வாசனை வந்தது. எட்டிப் பார்த்தால் இருட்டு. கைப்பேசியில் விளக்கைப் போட்டு, வீடியோவை ஓடவிட்டு, மெல்லிய நூல்கயிற்றில் கட்டி உள்ளே இறக்கினாள். முதல் தடவை கைப்பேசி சுவர்ப் பக்கமே திரும்பிக்கொண்டது. இரண்டாவது தடவை கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு, மெதுவாகத் திருப்பித் திருப்பி இறக்கினாள். ஸ்கேன் அறையில் கையை அசைக்காமல் மணிக்கட்டை மட்டும் திருப்புகிற அதே பழக்கம்.

அவள் கீழே இறங்கியதும் மூன்று தலைகளும் கைப்பேசிமேல் கவிழ்ந்தன.

"எனக்குக் கரிதான் தெரியுது" என்றார் பெயின்டர்.

"இருங்கண்ணா. இதோ பாருங்க, நூல் நூலா. இது வேர்."

"வேரா? வேர் மண்ணுக்குள்ள இல்ல இருக்கும்?"

அவள் வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி ஓடவிட்டாள். சந்தேகமே இல்லை. மரத்தின் வயிற்றுக்குள், மேலேயிருந்து கீழே, விரல் தடிமனில் வேர்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அணில் மூச்சை இழுத்துக்கொண்டான். "படிச்சிருக்கேன்க்கா. இப்பதான் முதல் தடவையா பார்க்கறேன். உள்ள மக்கிப் போன தன்னோட மரத்தையே எருவாக்கி, அதுக்குள்ள வேர் விட்டு, தானே சாப்பிடுது."

"தன் வயித்துலயே சமைச்சுத் தானே சாப்பிடுதா!" என்றார் பெயின்டர். "என் மச்சானை இதுகிட்ட அனுப்பணும்."

வேர்களுக்கு நடுவே சாம்பல் நிறத்தில் ஒரு பரப்பு தெரிந்தது. அவள் அதிலேயே நிறுத்தினாள். மழமழவென்று இருந்தது. அதன்மேல் வளைவு வளைவாகக் கோடுகள். யாரோ கரண்டியால் இழுத்துப் பூசியிருக்கிறார்கள்.

"இது சிமென்ட்" என்றாள்.

மரத்தில் பொந்து விழுந்தால் சிமென்ட் போட்டு அடைக்கிற வழக்கம் முன்பு இருந்தது, இப்போது யாரும் செய்வதில்லை என்று அணில் சொன்னான். ஆனால் இங்கே அடைத்தது யார்? நூலகருக்கும் தெரியவில்லை. "நான் வேலைக்கு வந்த நாள்லேர்ந்து மரம் இப்படித்தான் இருக்கு. எனக்கு முன்னாலேர்ந்து இங்க வர்றவர் ஒரே ஒருத்தர்தான். இருங்க" என்று உள்ளே போனார்.

வெள்ளைச் சட்டையும் மடித்த செய்தித்தாளுமாக ஒரு பெரியவர் வந்தார். எதிர்த் தெருவில் வெகுகாலம் பல் ஆஸ்பத்திரி வைத்திருந்தவர். எல்லாருக்கும் அவர் 'பல் டாக்டர்'தான். விஷயத்தைக் கேட்டதும் தழும்பின்மேல் கையை வைத்தார்.

"சிமென்ட்டா? அது நான் அடைச்சதுதான்."

அவர் எதிர்த் தெருவைக் கைகாட்டினார்.

"கிளினிக் புதுசா ஆரம்பிச்ச சமயம். பேஷண்ட்டே வரமாட்டாங்க. ஜன்னல் வழியா இந்த மரத்தைத்தான் பார்த்துட்டு உட்கார்ந்திருப்பேன். இங்க இவ்வளவு பெரிய ஓட்டை. அசல் சொத்தைப் பல்! எனக்குக் கை சும்மா இருக்குமா? ஒரு ஞாயித்துக்கிழமை கொத்தனார்கிட்ட சிமென்ட் வாங்கிட்டு வந்தேன். சொத்தையெல்லாம் சுரண்டி எடுத்து, நல்ல மரம் தெரியற வரைக்கும் சுத்தம் பண்ணி, ஓரத்தைச் சாய்ச்சு, அடைச்சேன். புத்தகத்துல சொன்ன முறைப்படி. பல் புத்தகத்துல!"

சொல்லிவிட்டு அவரே குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். பிறகு ஆவலை அடக்க முடியாமல் கேட்டார். "ஃபில்லிங் எப்படி இருக்கு?"

அவள் வீடியோவைக் காட்டினாள். அவர் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார்.

"இது என்ன இடைவெளி? நான் ஒட்ட ஒட்ட அடைச்சேனே."

"மரம் வளர்ந்துருக்கு சார்" என்றான் அணில். "சிமென்ட் அப்படியே நின்னுருச்சு. அதான் நடுவுல சந்து."

"பல்லு வளராது" என்றார் பல் டாக்டர். "மரம் வளருமே! அது எனக்குத் தோணவே இல்ல பாருங்க." வெட்கமும் வியப்புமாகத் தலையை ஆட்டினார். அவர் கண் மறுபடி திரைக்குப் போனது. "வேரு உள்பக்கமாவா வருது? பல்லுக்கும் வேர் உண்டு. இப்படி ஒரு வேரை நான் பார்த்ததே இல்ல. அந்தச் சுத்தியைக் கொஞ்சம் குடுங்கம்மா. நாங்களும் எந்தப் பல்லுல கோளாறுன்னு தட்டித்தான் பார்ப்போம்."

அவர் தட்டிக்கொண்டே மரத்தைச் சுற்றினார். டொக், டொக், தும், ணங். ஒவ்வொரு ணங்குக்கும் ஒரு முறை "அடடா" என்றார்.

ஆனால் தீர்ப்பு இன்னும் பாக்கி இருந்தது. அணில் ஒரு டிரில்லைக் கொண்டுவந்தான். அதன் முனையில் சைக்கிள் கம்பி கனமே உள்ள ஒரு நீள ஊசி. நல்ல மரத்துக்குள் போகும்போது ஊசி திணறும். காலி இடம் வந்ததும் சட்டென்று வழுக்கிக்கொண்டு போகும். சுற்றிலும் சில இடங்களில் குத்திப் பார்த்தார்கள். ஏறக்குறைய எல்லா இடத்திலும் ஒரு சாண் கனத்துக்கு நல்ல மரம் இருந்தது. தழும்புக்குப் பக்கத்தில் மட்டும் நாலு விரல் கனம்தான். அதற்கு நேர் மேலேதான் வாசிப்பு அறைக் கூரைமேல் நீண்டிருந்த பெரிய கிளை.

"வெட்டிடணும்" என்றார் பெயின்டர். "உள்ள காலி, நடுவுல கல்லு, மேல பாரம். நான் கட்டிடத்துல தொங்கினவன் அக்கா. இப்படி ஒரு சுவரைப் பார்த்தா அதுல பலகை கட்ட மாட்டேன்."

"குழாயும் உள்ள காலிதானேண்ணா? அது நிக்கலையா?"

"குழாய்க்குத் தலையில இவ்வளவு முடி இல்லக்கா."

இருவர் பேச்சிலும் நியாயம் இருந்தது. அணில் வாயைத் திறக்கவில்லை. வேண்டுமென்றேதான் திறக்கவில்லை என்று அவளுக்குப் புரிந்தது. அவள் கொஞ்சம் தள்ளிப்போய் மரத்தை முழுசாகப் பார்த்தாள். இலைகள் நிறைய, பச்சையாக இருந்தன. நுனிகளில் பட்டுப்போன குச்சி இல்லை. மண்ணில் விரிசல் இல்லை, அடிவேர் எங்கும் தூக்கவில்லை.

நூலகர் வந்து அவள் முன்னால் நின்றார். "என்னம்மா தெரியுது?"

அவள் வாய் தானாகத் திறந்தது. "டாக்டர் சொல்..."

"நானா?" என்று திடுக்கிட்டார் பக்கத்தில் நின்ற பல் டாக்டர். "நான் ஏற்கெனவே செஞ்சது போதாதா?"

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவளும் சிரித்தாள். சிரித்து முடித்தபோது நூலகர் இன்னும் அவளையேதான் பார்த்துக்கொண்டிருந்தார். சொல்ல வேறு ஆள் இல்லை. பார்த்ததை இன்னொருவரிடம் சொல்வது இவ்வளவு கனமான வேலையா? ஆஸ்பத்திரி டாக்டர்கள் ஒவ்வொரு நாளும் இதைத்தான் செய்துகொண்டிருந்தார்களா?

"மரத்தை வெட்ட வேண்டாம்" என்றாள். "உள்ள காலிதான். ஆனா சுத்தி நல்ல கனம் இருக்கு. ஒரு இடத்துலதான் மெலிசு. அதுக்கு மேல இருக்கிற கிளையோட நீளத்தைப் பாதியா குறைச்சுடணும், பாரம் குறையும். சிமென்ட்டைத் தொட வேண்டாம், எடுத்தா வேரு அறுந்துடும். வருஷா வருஷம் வந்து தட்டிப் பார்க்கணும். இந்த மெலிசான பக்கத்துல பிள்ளைங்க உட்கார்ற மேசையை மட்டும் எதிர்ச் சுவர்ப் பக்கம் தள்ளிப் போடுங்க."

"விழவே விழாதுன்னு சொல்றீங்களா?"

"இல்ல. அப்படி என்னால சொல்ல முடியாது. யாராலயும் முடியாது. இப்ப பார்த்த வரைக்கும் இதுதான் தெரியுது."

நூலகர் சாவிக்கொத்தைக் கையில் குலுக்கிக்கொண்டு மரத்தை அண்ணாந்து பார்த்தார். "பரவாயில்ல. ஒருத்தராவது சொன்னீங்களே" என்றார். உள்ளே போய் அன்றைக்கே மேசைகளை இழுத்துப் போட வைத்தார். தரையில் கால்கள் உரசுகிற சத்தம் வெளியே கேட்டது.

அணில் அவர்கள் இருவருக்கும் ஒரே மதிப்பெண் போட்டான். பெயின்டர் விடவில்லை. "நான் வெட்டணும்னு சொன்னேன், அக்கா வேண்டாம்னாங்க. எப்படி ரெண்டும் சரியாகும்?"

"நீங்க ரெண்டு பேரும் காரணம் சொன்னீங்கண்ணா. அதுக்குத்தான் மார்க்."

அந்தக் கிளையைக் குறைத்தது அவள்தான். பக்கக்கிளை ஒன்று கிளம்புகிற இடத்தைத் தேர்ந்தெடுத்து, முதலில் அடியிலிருந்து கொஞ்சம் அறுத்து, பட்டை உரிந்து போகாமல் மேலேயிருந்து முடித்தாள். துண்டு துண்டாகக் கயிற்றில் கட்டி இறக்கினாள். கீழே பெயின்டர் கயிற்றை விட்டுக்கொடுத்துப் பிடித்தார். ஒரு துண்டோடு ஏதோ வண்டு வந்ததைப் பார்த்து மனுஷன் அலறியும், கயிற்றை மட்டும் விடவில்லை. கூரையின் ஓடு ஒன்றுகூட அசையவில்லை. இனி இவரை நம்பி எந்த மரத்திலும் ஏறலாம் என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

பயிற்சி முடிந்து சான்றிதழ் வாங்கியதும் இருவரும் சேர்ந்தே வேலைக்குப் போக ஆரம்பித்தார்கள். காலையில் மரம், மாலையில் ஸ்கேன். காற்றுக்காலம் வந்தது. மூன்று நாள் விடாமல் அடித்தது. ஊரில் விளம்பரப் பலகைகள் சாய்ந்தன. கணவர் முதல் பேருந்தை ஓட்டிக்கொண்டு நூலகத்தைக் கடக்கும்போதெல்லாம் அடுத்த நிறுத்தத்தில் நிறுத்தி, "உன் தூங்குமூஞ்சி நின்னுட்டுதான் இருக்கு" என்று கூப்பிட்டுச் சொல்வார். மரத்தில் ஏற வேண்டாம் என்று சொன்ன அதே மனிதர்தான்.

காற்று ஓய்ந்தது. அதற்குப் பிறகு வெகுநாள் கழித்து, ஓர் இலைகூட அசையாத சுள்ளென்ற மத்தியானம் நூலகரிடமிருந்து அழைப்பு வந்தது.

"அக்கா, கிளை விழுந்துடுச்சு."

அவள் எழுந்து செருப்பை மாட்டினாள். "யாருக்காவது..."

"யாருக்கும் ஒண்ணும் இல்ல. சைக்கிள் நிறுத்தற பக்கம். ரெண்டு சைக்கிள் நசுங்கிடுச்சு. வாங்க."

போகும் வழியெல்லாம் அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் அவளைத் துரத்தியது. வெட்ட வேண்டாம் என்றது நீதானே? சுத்தி நல்ல கனம் இருக்கு என்றது நீதானே? ஸ்கேன் அறை வேலையில் இப்படி ஒரு நடை நடக்க வேண்டியிருந்ததே இல்லை.

பெயின்டரும் அணிலும் அவளுக்கு முன்பே வந்திருந்தார்கள். அடிமரம் அசையாமல் நின்றது. அவள் குறைத்த கிளையும் அப்படியேதான் இருந்தது. விழுந்தது முற்றிலும் மறுபக்கத்துக் கிளை. ஒரு குறையும் இல்லை என்று எல்லாரும் ஒப்புக்கொண்ட கிளை. உடைந்த முனையைச் சுற்றி மண்டியிட்டுப் பார்த்தார்கள். மரம் வெளுப்பாக, ஈரமாக, கெட்டியாக இருந்தது. அழுகல் இல்லை. புழு இல்லை. பழைய வெடிப்பு இல்லை.

"நான் வெட்டணும்னு சொன்னப்பகூட இந்தக் கிளையை நினைக்கல அக்கா" என்றார் பெயின்டர் மெதுவாக. ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

அவள் நூலகரைப் பார்த்தாள். "நான்தான் இருக்கட்டும்னு சொன்னேன்."

"நீங்க விழவே விழாதுன்னு சொல்லலையே" என்றார் நூலகர். அவர் ஏற்கெனவே சைக்கிள் இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டி, பிள்ளைகளைப் பின்வாசல் வழியாக அனுப்பியிருந்தார். "இப்ப என்ன செய்யணும்னு சொல்லுங்க. அதுதான் எனக்கு வேணும்."

அவள் அணில் பக்கம் திரும்பினாள். "தம்பி, காத்தே இல்ல. கிளை நல்லா இருக்கு. அப்புறம் ஏன்?"

"இப்படி நடக்கறது உண்டுக்கா. நல்ல வெயில்ல, காத்து அசையாதப்ப, நல்ல கிளையே பொட்டுன்னு விழும். உள்ள தண்ணி ஏறி பாரம் கூடிடுதுங்கறாங்க. வெயில்ல நார் தளர்ந்துடுதுங்கறாங்க. ஆளுக்கொண்ணு சொல்றாங்க. ஏன்னு இன்னும் யாருக்கும் சரியா தெரியாது."

"யாருக்குமேவா?"

"யாருக்குமே."

அவள் உடைந்த முனையைத் தொட்டுப் பார்த்தாள். நார்கள் ஒரு பக்கம் நீளமாகவும் ஒரு பக்கம் குட்டையாகவும் கிழிந்திருந்தன. குட்டையான பக்கம் மேல்புறமா, கீழ்புறமா? இங்கே தரையில் கிடக்கும்போது சொல்ல முடியவில்லை. மேலே மரத்தில் மிச்சம் இருக்கிற முனையைப் பார்த்தால் தெரியலாம். அங்கே நிறம் மாறியிருக்குமா? தண்ணீர் கசிகிறதா? இந்தக் கிளைக்குப் பக்கத்துக் கிளையும் இதே மாதிரி கோணத்தில் கிளம்புகிறதா? கேள்விகள் வரவர, வழியெல்லாம் துரத்திய வார்த்தைகள் பின்தங்கி, கை பரபரக்க ஆரம்பித்தது.

செய்தித்தாளோடு வந்து நின்ற பல் டாக்டர் கிழிந்த நாரை விரலால் நெருடிக்கொண்டிருந்தார். "என்னம்மா, ஏதாவது புரியுதா?"

"இல்ல சார். காய்றதுக்குள்ள மேல போய்ப் பார்க்கணும்."

"பார்த்ததும் எனக்கும் சொல்லுங்க. நான் இங்கதான் இருப்பேன்."

அவள் முதலில் அடிமரத்தை ஒரு சுற்றுத் தட்டிப் பார்த்தாள். மற்றக் கிளைகளை அண்ணாந்து ஒவ்வொன்றாகப் பார்த்தாள். உடைந்த பக்கத்தை விட்டு, கெட்டியான கிளை ஒன்றில் கயிற்றை எறிந்து மாட்டினாள். பெயின்டரும் அணிலும் அதில் தொங்கி, பலமாக இழுத்துச் சோதித்தார்கள். இடுப்பு வாரை இறுக்கிக்கொண்டாள். முடிச்சை இரண்டு தடவை பார்த்துக்கொண்டாள்.

"பெயின்டர் அண்ணா, பிடிச்சுட்டீங்களா?"

"பிடிச்சுட்டேன், போங்க. அக்கா, அங்க பூச்சி ஏதாவது இருந்தா மட்டும் எனக்குச் சொல்லாதீங்க."

அவள் காலை அடிமரத்தில் ஊன்றி ஏற ஆரம்பித்தாள்.